சேவை நிரல்களுக்கு வேலி கட்டிய வரலாறு

2004 மே மாதம் வெளிவந்த ஃபெடோரா கோர் 2 என்ற லினக்ஸ் வெளியீட்டில் எஸ்இலினக்ஸ் என்னும் பாதுகாப்பு ஏற்பாடு சேர்க்கப்பட்டிருந்தது. ஆனால் தானாக இயங்காதபடி அதை அணைத்து வைத்திருந்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் வந்த ஃபெடோரா கோர் 3இல் அது இயங்கும் நிலையிலேயே வந்தது. அன்று தொடங்கி அந்த வரிசையின் வெளியீடுகளில் இன்றுவரை அதுவே வழக்கம். இடைப்பட்ட ஆறு மாதங்களில் எஸ்இலினக்ஸின் அடிப்படைப் பொறியமைப்பு மாறிவிடவில்லை. அதைக் கொண்டு யாரைக் கட்டுப்படுத்துவது என்ற முடிவு மாறியது. கணினியின் முன் உட்காரும் மனிதரை விட்டுவிட்டு, பின்னணியில் ஓடும் சில சேவை நிரல்களை மட்டும் கட்டிவைப்பது என்று தீர்மானித்தார்கள். கட்டாய அணுகல் கட்டுப்பாடு என்று கணினித் துறையில் வழங்கும் முறைக்கு அப்போது முப்பதாண்டுக்கும் மேல் வயது. அத்தனை ஆண்டுகளும் அது ராணுவ அமைச்சகங்களின் கேள்வி ஒன்றையே சுமந்து நடந்தது: எந்த மனிதர் எந்த ரகசியத்தைப் படிக்கலாம்? அதைக் கீழே இறக்கிவைத்து, வலையமைப்புக்குச் சேவை செய்யும் ஒரு நிரல் எதிரியின் கையில் சிக்கினாலும் எதையெல்லாம் செய்யவே முடியாதபடி வைக்கலாம் என்ற வேறொரு கேள்வியை எடுத்துக்கொண்ட பிறகே அது சாதாரணக் கணினிகளுக்கு வந்து சேர்ந்தது. 2004இன் முடிவைப் பின்வாங்கல் என்று சொன்னவர்கள் உண்டு. அந்த வரலாற்றைத் தொடக்கத்திலிருந்து பார்த்தால், அதுதான் அந்தத் துறையின் உண்மையான கண்டடைதல் என்று தெரியும்.

தொடக்கம் அமெரிக்க விமானப்படையில். பலர் ஒரே நேரத்தில் ஒரே பெருங்கணினியைப் பகிர்ந்துகொள்ளும் முறை 1960களின் இறுதியில் பரவியபோது, வெவ்வேறு நம்பகத் தகுதி பெற்றவர்களை ஒரே இயந்திரத்தில் உட்காரவைப்பது எப்படி என்ற சிக்கல் எழுந்தது. விமானப்படைக்காக ஜேம்ஸ் ஆண்டர்சன் 1972இல் தந்த அறிக்கை ஒரு காவல் பொறியை வரையறுத்தது. ஒவ்வொரு அணுகலும் அதன் வழியாகத்தான் நடக்க வேண்டும். அதை யாரும் திருத்திவிட முடியாதிருக்க வேண்டும். முழுமையாகச் சோதித்துப் பார்க்கும் அளவுக்கு அது சிறியதாக இருக்க வேண்டும். இன்றைய எஸ்இலினக்ஸ் வரை எல்லாவற்றுக்கும் இந்த மூன்று நிபந்தனைகளே அடித்தளம். அடுத்த ஆண்டிலிருந்து மைட்டர் நிறுவனத்தில் டேவிட் பெல், லெனர்ட் லபடுலா இருவரும் இதற்குக் கணித வடிவம் கொடுத்தார்கள். தன் தகுதிக்கு மேற்பட்ட நிலையிலுள்ள கோப்பை ஒருவர் படிக்கக் கூடாது; தன் நிலைக்குக் கீழே உள்ள கோப்பில் எழுதவும் கூடாது. இரண்டாவது விதி ஏன் என்றால், உயர் அதிகாரி ஒருவர் அறியாமல் இயக்கும் கள்ள நிரல், அவர் படிக்கத் தகுந்த ரகசியத்தை எவரும் படிக்கும் கோப்பில் நகலெடுத்துவிடக் கூடும். கோப்பின் உரிமையாளரே விரும்பினாலும் இந்த விதிகளைத் தளர்த்த முடியாது. அதனால்தான் இது கட்டாயக் கட்டுப்பாடு. அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 1983இல் வெளியிட்டு 1985இல் திருத்திய, அட்டையின் நிறத்தால் ஆரஞ்சுப் புத்தகம் என்று பெயர்பெற்ற மதிப்பீட்டு நூல், கணினிகளைத் தரம் பிரிக்கும்போது இந்தக் கட்டாய விதிகளை மேல் தரங்களுக்கு நிபந்தனையாக்கியது. மல்டிக்ஸ் இயங்குதளம் அதன்படி பி2 தரம் பெற்றது.

ஆனால் இந்த மாதிரியின் உள்ளே ஒரு ஓட்டை இருந்தது. பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் அதுவே காரணம். அச்சிடும் சேவையை எடுத்துக்கொள்வோம். எல்லா நிலைகளிலிருந்தும் வரும் கோப்புகளை அது படிக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே அச்சுப்பொறிக்கு அனுப்பவும் வேண்டும். பெல்லும் லபடுலாவும் வகுத்த விதிகளுக்குள் அதைப் பொருத்தவே முடியாது. காப்பு நகல் எடுக்கும் நிரல், அஞ்சல் கொண்டுபோகும் நிரல் எல்லாவற்றுக்கும் இதே நிலை. எனவே இவற்றை நம்பகமான நிரல்கள் என்று அறிவித்து விதிகளிலிருந்து விலக்கு அளித்தார்கள். பயனரை இறுகக் கட்டிய அமைப்பு, எல்லோருடைய கோப்புகளையும் தொடும் சேவை நிரல்களை அவிழ்த்துவிட்டது. எங்கே கட்டு மிகவும் தேவையோ அங்கே கட்டே இல்லை. இத்தனைக்கும் 1973 அக்டோபரிலேயே பட்லர் லாம்ப்சன் சிறியதொரு குறிப்பில், வாடிக்கையாளரின் தரவைப் பெற்று வேலை செய்யும் சேவை நிரல் அந்தத் தரவை வேறெங்கும் கசியவிடாதபடி அடைத்துவைப்பது எப்படி என்ற சிக்கலுக்குப் பெயர் சூட்டி, கசியக்கூடிய வழிகளையும் வகைப்படுத்தியிருந்தார். சேவை நிரலையே சந்தேகிக்க வேண்டும் என்ற எண்ணம் அவரிடம் தெளிவாக இருந்தது. ஆனால் அந்தக் குறிப்பிலிருந்து ஆய்வுலகம் பெரிதும் எடுத்துக்கொண்டது மறைமுகக் கசிவு வழிகளைப் பற்றிய கணக்கைத்தான். 1975இல் சால்ட்சரும் ஷ்ரோடரும் எழுதிய கட்டுரை, எந்த நிரலுக்கும் அதன் வேலைக்குத் தேவையான குறைந்தபட்ச அதிகாரமே போதும் என்ற கொள்கையை விளக்கமாக முன்வைத்தது. அது எல்லாப் பாடநூல்களிலும் ஏறியது; இயங்கும் கணினிகளில் ஏறுவதற்கு இன்னும் முப்பது ஆண்டுகள் ஆயின.

இதற்கிடையே உலகம் யூனிக்ஸ் பக்கம் போய்க்கொண்டிருந்தது. யூனிக்ஸின் அனுமதி முறை எளிமையானது: கோப்புக்கு ஓர் உரிமையாளர், ஒரு குழு, மற்றவர்கள், யார் படிக்கலாம், எழுதலாம் என்பதை உரிமையாளரே தீர்மானிக்கிறார். ரூட் என்ற ஒருவருக்கு மட்டும் எந்தத் தடையும் கிடையாது. ஒரு நிரலை இயக்குபவரின் அதிகாரம் முழுவதும் அந்த நிரலுக்கும் வந்துவிடும். பல்கலைக்கழக ஆய்வகம் ஒன்றில் ஒருவரையொருவர் அறிந்தவர்கள் பயன்படுத்த இது நல்ல முறை. ஆனால் பிஎஸ்டி யூனிக்ஸ் வலையமைப்பில் சேர்ந்தபோது, போர்ட் எனப்படும் எண்ணிட்ட வலை வாசல்களில் 1024க்குக் கீழுள்ளவற்றைத் திறக்க ரூட் அதிகாரம் வேண்டும் என்ற வழக்கமும் கூடவே வந்தது. அதனால் அஞ்சல் சேவையும் பெயர் சேவையும் இன்னும் பலவும் ரூட்டாகவே ஓடின. வாசலில் வந்து கடிதம் வாங்கிப்போகும் ஆளிடம் வீட்டின் சாவிக்கொத்து முழுவதையும் கொடுத்துவைத்தது போன்ற ஏற்பாடு. 1988 நவம்பர் 2 அன்று ராபர்ட் டப்பன் மாரிஸ் வெளியே விட்ட புழு நிரல், சென்ட்மெயிலில் விட்டுப்போயிருந்த பிழைதிருத்த வழி ஒன்றையும், ஃபிங்கர் சேவையில் உள்ளீட்டின் நீளத்தை அளக்காத ஒரு வரியையும் பயன்படுத்தி இணையத்தில் பரவியது. சுமார் 6,000 கணினிகள் பாதிக்கப்பட்டதாக அன்று மதிப்பிட்டார்கள். உள்ளே நுழைந்தவர் எந்த ரகசியத்தையும் தேடவில்லை. கடவுச்சொற்களை ஊகித்து நுழையும் வழி ஒன்றும் அதில் இருந்தது என்றாலும், சேவை நிரல்களில் இருந்த திறப்புகளே அதைப் பேர்பெற்ற புழுவாக்கின. அவருடைய தந்தை ராபர்ட் மாரிஸ் அப்போது அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமையின் கணினிப் பாதுகாப்பு மையத்தில் தலைமை விஞ்ஞானி. ஆரஞ்சுப் புத்தகம் அந்த மையத்தின் பொறுப்பில்தான் இருந்தது. அந்தப் புத்தகத்தின் நிலைகளும் தகுதிகளும் இந்தத் தாக்குதலைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை.

விடைக்கான வழி இதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே எழுதப்பட்டுவிட்டது. 1985இல் ஏர்ல் போபர்ட், ரிச்சர்ட் கெய்ன் இருவரும் தேசியக் கணினிப் பாதுகாப்பு மாநாட்டில் அளித்த கட்டுரை, நிலைகளின் ஏணியை விட்டுவிட்டு ஓர் அட்டவணையை முன்வைத்தது. நிரல்களை டொமைன்களாகப் பிரிக்க வேண்டும். கோப்பு போன்ற பொருள்களை வகைகளாகப் பிரிக்க வேண்டும். எந்த டொமைன் எந்த வகைமீது என்ன செய்யலாம் என்பதை அட்டவணையில் எழுதிவிட வேண்டும். எழுதாத எதுவும் நடக்காது. அவர்கள் காட்டிய உதாரணம் அச்சிடும் சேவையே. கோப்பின் ரகசிய நிலையைக் காகிதத்தின் தலைப்பில் பொறிக்கும் நிரலைத் தாண்டாமல் எந்தக் கோப்பும் அச்சுப்பொறியை அடைய முடியாதபடி, அட்டவணையின் நான்கைந்து கட்டங்களைக் கொண்டே ஒரு குழாய்வழியை அமைத்தார்கள். முன்பு விலக்குப் பெற்ற நிரல், இப்போது தனக்கென்று எழுதிய விதிக்குள் வந்துவிட்டது. ஹனிவெல்லில் தொடங்கிய இந்த வேலை லாக் என்ற கணினித் திட்டமாகி, பின்னர் செக்யூர் கம்ப்யூட்டிங் நிறுவனத்தின் சைட்வைண்டர் என்ற தீச்சுவர்ப் பொருளில் 1990களில் சந்தைக்கு வந்தது. அதில் அஞ்சல் முதலிய ஒவ்வொரு வலைச் சேவையும் தனித்தனி டொமைனில் ஓடியது. சேவை நிரலைக் கட்டாய விதியால் அடைப்பது என்பதை விற்பனைக்குரிய பொருளில் செய்துகாட்டியவர்களில் அவர்கள் முன்னோடிகள். ஆனால் தீச்சுவர் என்பது ஒரே வேலைக்கான பெட்டி. அதில் என்னென்ன ஓடும் என்பது கட்டியவருக்கே முழுவதும் தெரியும். பொதுப் பயன்பாட்டுக் கணினியில் அந்த வசதி கிடையாது.

அடுத்த கட்டத்தை நடத்தியது தேசியப் பாதுகாப்பு முகமை. அதன் ஆய்வாளர்கள் பீட்டர் லாஸ்கோக்கோ, ஸ்டீபன் ஸ்மாலி முதலியோர் யூட்டா பல்கலைக்கழகத்துடனும் செக்யூர் கம்ப்யூட்டிங்குடனும் சேர்ந்து ஃபிளாஸ்க் என்ற கட்டமைப்பை உருவாக்கினார்கள். அதன் சிறப்பு, முடிவெடுக்கும் பகுதியையும் அதை நிறைவேற்றும் பகுதியையும் பிரித்தது. இயங்குதளத்தின் கருவான கெர்னல் கேள்வி கேட்கும். கொள்கைச் சேவையகம் பதில் சொல்லும். கொள்கை என்ன என்பது கெர்னலுக்குத் தெரிய வேண்டியதில்லை. இயங்குதளத்தின் ஆதரவில்லாமல் பயன்பாட்டு நிரல்களில் மட்டும் பாதுகாப்பைக் கட்டுவது தோல்வியில்தான் முடியும் என்று 1998இல் அவர்கள் எழுதிய கட்டுரை இன்றும் படிக்கத் தகுந்தது. ஃபிளாஸ்க்கை லினக்ஸில் பொருத்தி 2000 டிசம்பரில் திறந்த மூலமாக வெளியிட்டார்கள், அதுவே எஸ்இலினக்ஸ். அதே டிசம்பரில் கிரிஸ்பின் கவனும் கூட்டாளிகளும் சப்டொமைன் என்ற வேறொரு முயற்சியைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டார்கள். அதன் நோக்கம் முதலிலிருந்தே செர்வரில் ஓடும் நிரல்களை மட்டும் அடைப்பது. பின்னாளில் அதற்கு ஆப்ஆர்மர் என்று பெயர். 2001இல் நடந்த கெர்னல் கூட்டத்தில் எஸ்இலினக்ஸை லாஸ்கோக்கோ முன்வைத்தபோது, லினஸ் டோர்வால்ட்ஸ் எந்த ஒரு பாதுகாப்பு முறையையும் கெர்னலில் தனியாக ஏற்கவில்லை. எல்லா முறைகளும் வந்து மாட்டிக்கொள்ளும்படி பொதுவான கொக்கிகளை அமைத்து வாருங்கள் என்றார். அவ்வாறு பிறந்த கொக்கிகளோடும் அவற்றில் மாட்டிய எஸ்இலினக்ஸோடும் 2003 டிசம்பரில் லினக்ஸ் 2.6 வெளிவந்தது.

பொறி தயார். கொள்கை? 2004 வசந்தத்தில் ஃபெடோரா கோர் 2இன் சோதனை வெளியீட்டில் கடும் கொள்கை என்று பெயரிட்ட விதித்தொகுப்பு இயங்கும் நிலையில் வந்தது. போபர்ட்டின் அட்டவணையை அது எழுத்துப் பிசகாமல் பின்பற்றியது. கணினியில் ஓடும் ஒவ்வொரு நிரலும் ஏதாவது ஒரு டொமைனில் இருக்க வேண்டும். எழுதாதது எதுவும் நடக்காது. இதன் விளைவு, விதி எழுதியவர்கள் உலகிலுள்ள எல்லாக் கணினிகளிலும் எல்லா மனிதர்களும் என்ன செய்வார்கள் என்று முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டியதாயிற்று. வழக்கத்துக்கு மாறான இடத்தில் வீட்டு அடைவை வைத்திருப்பவர், தானே தொகுத்த நிரலை ஓட்டுபவர், வேறெங்கிருந்தோ இறக்கிய டிரைவரைச் சேர்ப்பவர் எல்லோருக்கும் ஏதோ ஒன்று மறுக்கப்பட்டது. மறுக்கப்பட்டதற்கான காரணம் பதிவேட்டில் யாருக்கும் விளங்காத மொழியில் இருந்தது. புகார்கள் குவிந்தன, இறுதி வெளியீட்டில் அதை அணைத்துவிட்டார்கள். பொறியியல் குறைபாட்டினால் அது தோற்கவில்லை. மனிதர் கணினியை எதற்குப் பயன்படுத்துவார் என்பதற்கு வரம்பில்லை. வரம்பில்லாத ஒன்றுக்கு அனுமதிப் பட்டியல் எழுத முடியாது. பெல்லும் லபடுலாவும் தாண்டாத இடத்தில்தான் கடும் கொள்கையும் நின்றது, வேறு வழியாக வந்து.

சேவை நிரலுக்கோ வரம்பு உண்டு. அப்பாச்சி என்ற வலைச் செர்வர் தன் அமைப்புக் கோப்புகளைப் படிக்கும், வலைப்பக்கங்களைப் படிக்கும், தன் பதிவேட்டில் எழுதும், 80, 443 போன்ற போர்ட்களில் காத்திருக்கும். பெயர் சேவை 53ஆம் போர்ட்டில் காத்திருந்து தன் மண்டலக் கோப்புகளைப் படிக்கும். இந்தப் பட்டியலை ஒருவர் ஒரு மாலைப் பொழுதில் எழுதத் தொடங்கலாம்; மாதங்களில் செப்பனிடலாம்; பிறகு உலகின் பெரும்பாலான செர்வர்களுக்கு அது பொருந்தும். குறிவைத்த கொள்கை என்று பெயரிட்டு ஃபெடோரா கோர் 3இலும், 2005 பிப்ரவரியில் வந்த ரெட் ஹேட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 4இலும் வந்தது இதுதான். அப்பாச்சி, பெயர் சேவை, டிஹெச்சிபி, ஸ்க்விட், நேரச் சேவை, பதிவுச் சேவை என்று பத்துப் பன்னிரண்டு சேவைகள் தனித்தனி டொமைன்களில். மற்ற எல்லாமும் கட்டற்றது என்று பெயரிட்ட ஒரே டொமைனில். வேலை நடக்கும் விதம் இப்படி. கோப்பு ஒவ்வொன்றிலும், அதன் வழக்கமான அனுமதிகளுக்கு அருகே, ஒரு லேபிள் எழுதப்பட்டிருக்கும். கணினி தொடங்கும்போது அப்பாச்சியின் நிரல்கோப்பை இயக்கினால், அந்தக் கோப்பின் லேபிளைப் பார்த்து கெர்னல் புதிய செயல்முறையை அப்பாச்சியின் டொமைனுக்கு மாற்றிவிடும். அதன் பிறகு அது ரூட்டாகவே இருந்தாலும், கடவுச்சொல் சுருக்கங்கள் இருக்கும் ஷேடோ கோப்பைத் திறக்க முயன்றால் மறுப்புதான். அதை அனுமதிக்கும் விதி எதுவும் எழுதப்படவில்லை. போர்ட்களுக்கும் லேபிள் உண்டு. எனவே கைப்பற்றப்பட்ட வலைச் செர்வர் வேறொரு கணினிக்குத் தானாகத் தொடர்பு கொண்டு அடுத்த தாக்குதலைத் தொடுக்கவும் முடியாது. அதை அனுமதிக்க வேண்டுமென்றால் கொள்கையில் அதற்கென்று வைத்திருக்கும் ஆளியை நிர்வாகி தானே திருப்ப வேண்டும். ரூட் என்ற சொல்லுக்கு முப்பதாண்டுகளாக இருந்த பொருள் இங்கே உடைந்தது. இதைச் சாதாரண அலுவலகச் செர்வரில் கண்கூடாக்கியது பெரிய சாதனை என்று தயக்கமின்றிச் சொல்லலாம்.

பயனரைக் கட்டற்றவராக விட்டபின் அது கட்டாயக் கட்டுப்பாடே இல்லை; பெயரை மட்டும் வைத்துக்கொண்டார்கள் என்று அன்று கேட்டவர்களின் வாதத்தில் நேர்மை இருந்தது. ஆண்டர்சனின் முதல் நிபந்தனை ஒவ்வொரு அணுகலையும் பொறி பார்க்க வேண்டும் என்பது. பார்க்கத்தான் செய்கிறது, ஆனால் பெரும்பாலானவற்றை அப்படியே விட்டுவிடுகிறது. இதற்கு என் பதில்: பாதுகாப்பை அளக்கும் கோல் எதிரி எங்கிருந்து வருகிறான் என்பதில் இருக்கிறது. ராணுவ மாதிரியின் எதிரி உள்ளேயே உட்கார்ந்திருந்தவர். தகுதி பெற்ற, ஆனால் விலைபோகக்கூடிய அதிகாரி. 2004இல் இணையத்தில் இருந்த ஒரு செர்வரின் எதிரி, அதன் திறந்த போர்ட்டில் வந்து தட்டும் முகம் தெரியாத நிரல். அது முதலில் தொடுவது சேவை நிரலைத்தான். 2001இல் பைண்ட் பெயர் சேவையின் ஓட்டை வழியே லினக்ஸ் கணினிகளில் பரவிய லயன் புழுவும் அந்த வழியில்தான் வந்தது. குறைந்த விதிகளைக் கொண்டு அதிகம் தாக்கப்படும் இடத்தை மூடுவது அறிவுள்ள செலவு. மேலும் குறிவைத்த கொள்கை அங்கேயே நின்றுவிடவில்லை. வெளியீட்டுக்கு வெளியீடு அடைக்கப்பட்ட சேவைகள் கூடின. விரும்புகிறவர்கள் பயனர்களையும் அடைக்கலாம் என்ற வசதி பின்னர் அதே தொகுப்பில் திரும்பி வந்தது. கடும் கொள்கையில் தொடங்கியிருந்தால் அந்த வளர்ச்சிக்கு ஆளே மிஞ்சியிருக்க மாட்டார்கள்.

ஆப்ஆர்மர் இதே நோக்கத்துக்கு வேறு வழியில் போனது. அது லேபிள்களை வைத்துக்கொள்ளவில்லை. கோப்பின் பாதையையே விதியில் எழுதியது. படிக்க எளிது, எந்தச் சேவை எந்த அடைவில் எழுதலாம் என்பதை யாரும் பார்த்த உடனே புரிந்துகொள்ளலாம். ஒரே கோப்புக்கு இரண்டு பாதைகள் இருக்க முடியும் என்பதால், பெயரை நம்பிக் காவல் வைப்பது தவறு என்று லேபிள் தரப்பினர் கெர்னல் விவாதங்களில் ஆண்டுக்கணக்கில் எதிர்த்தார்கள். ஆப்ஆர்மரை உருவாக்கிய இம்யூனிக்ஸ் நிறுவனத்தை 2005இல் நோவெல் வாங்கியது. 2007இல் அந்தக் குழுவையே வேலையிலிருந்து விடுவித்தது. உபுண்டுவை வெளியிடும் கனோனிக்கல் அந்த நிரலைக் கையில் எடுத்தது. 2010 அக்டோபரில் வந்த 2.6.36 கெர்னலில்தான் அது இடம்பெற்றது. கோட்பாட்டில் லேபிள் தரப்புதான் சரி என்பது என் எண்ணம். ஆனால் நகர்த்திய கோப்பு பழைய லேபிளோடு வந்து, வலைச் செர்வர் அதைத் திறக்க மறுத்து, காரணம் புரியாமல் நிர்வாகி திண்டாடும் அந்தப் பழக்கமான சங்கடம் ஆப்ஆர்மரில் இல்லை. எதை நிர்வாகி புரிந்துகொண்டு திருத்த முடிகிறதோ அதுதான் இயங்கும் நிலையில் நீடிக்கும். இரண்டு முகாம்களும் ஒன்றையொன்று மறுத்தபடியே, காக்க வேண்டிய இடம் சேவை நிரல் என்ற ஒரே முடிவில் வந்து சேர்ந்தன. லினக்ஸுக்கு வெளியிலும் இதுவே நடந்தது: ஃப்ரீபிஎஸ்டிக்காக ராபர்ட் வாட்சன் முதலியோர் எழுதிய கட்டாயக் கட்டுப்பாட்டுச் சட்டகம் ஆப்பிளுக்குப் போய், 2007இல் வந்த லெப்பர்டில் சில பின்னணிச் சேவைகளை அடைக்கப் பயன்பட்டது.

வலுவான மறுப்பு வேறொன்று. எத்தனை நல்ல விதியாக இருந்தாலும், ஏதாவது வேலை செய்யவில்லை என்றதும் நிர்வாகிகள் முதலில் செய்வது எஸ்இலினக்ஸை அணைப்பதுதானே? நிறுவும் வழிகாட்டிகளில் முதல் படியாகவே அதை அணைக்கச் சொல்லும் மென்பொருள் நிறுவனங்கள் நெடுங்காலம் இருந்தன. மறுப்புப் பதிவுகளைப் படித்துத் தானாக அனுமதி விதி எழுதித்தரும் கருவி ஒன்று உண்டு; அதன் வெளியீட்டைப் படிக்காமலே சேர்த்துவிட்டால், தாக்குபவர் கேட்ட அனுமதியையும் சேர்த்துக் கொடுத்துவிட நேரும். இது உண்மையான தோல்வி. இதற்கு நிர்வாகிகளின் சோம்பலை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. மறுப்புக்கான காரணத்தை மனிதர் படிக்கும் மொழியில் சொல்வதற்கு இந்தத் துறை நெடுநாள் அக்கறை காட்டவில்லை. ஆனால் இந்த மறுப்பிலிருந்து நான் எடுக்கும் முடிவு வேறு. கடும் கொள்கையை அனைவரும் அணைத்தார்கள். குறிவைத்த கொள்கையைச் சிலர் அணைத்தார்கள், பலர் அது இருப்பதே தெரியாமல் அதன்கீழ் வேலை செய்கிறார்கள். வேலி எவ்வளவு குறுகலோ, அவ்வளவு தூரம் அது நிலைத்திருக்கிறது. 2014 செப்டம்பரில் பாஷ் ஷெல்லின் ஓட்டை வெளியானபோது, வலைச் செர்வரின் ஸ்கிரிப்ட்கள் வழியே யாரும் கட்டளைகளை ஓட்ட முடிந்தது. எஸ்இலினக்ஸ் அந்த ஓட்டையை அடைக்கவில்லை. அது அதன் வேலையும் அன்று. ஓட்டை வழியே நுழைந்தவர் ஸ்கிரிப்ட்டுக்குரிய டொமைனுக்குள்ளேயே நின்றார். பயனர்களின் வீட்டு அடைவுகளும் ஷேடோ கோப்பும் அவருக்கு எட்டவில்லை. நுழைவைத் தடுப்பதும் நுழைந்தவரை அடைப்பதும் வேறு வேறு வேலைகள் என்பதை மறந்தால் இந்தத் தொழில்நுட்பத்தைப் பற்றி நியாயமாகப் பேச முடியாது.

கெர்னலிலேயே ஓட்டை இருந்தால் காவல் பொறியும் சேர்ந்து விழும் என்பதும் சரியே. ஆண்டர்சனின் மூன்றாவது நிபந்தனையான சிறிய, முழுதும் சோதிக்கத்தக்க பொறி என்பதை லட்சக்கணக்கான வரிகள் கொண்ட லினக்ஸ் கெர்னல் ஒருநாளும் நிறைவேற்றவில்லை. 2009இல் இன்னும் மோசமான ஒன்று தெரிந்தது. நினைவகத்தின் சுழிய முகவரியை நிரல்கள் எடுத்துக்கொள்ளாதபடி கெர்னலில் இருந்த தடையை, எஸ்இலினக்ஸ் இருந்த கணினிகளில் கட்டற்ற டொமைன் தாண்டிப்போக முடிந்தது. பாதுகாப்புக்காக வைத்ததே அந்த ஓர் இடத்தில் கணினியைப் பலவீனப்படுத்தியிருந்தது. அதைப் பயன்படுத்தும் தாக்குதல் நிரல் பொதுவில் வந்த பின்பே திருத்தினார்கள். தேசியப் பாதுகாப்பு முகமை எழுதியதை எப்படி நம்புவது என்ற கேள்வியும், அந்த முகமையின் ரகசியக் கண்காணிப்பு அம்பலமான 2013க்குப் பிறகு உரக்க எழுந்தது. மூலநிரல் இரண்டு பத்தாண்டுகளுக்கும் மேலாக உலகின் கண்முன் இருக்கிறது, அந்த முகமைக்கு வெளியே பலர் அதைப் பராமரிக்கிறார்கள் என்பது இதற்குப் போதுமான பதில். கெர்னல் ஓட்டையைப் பற்றிய வாதத்துக்கு மட்டும் முழுப் பதில் இல்லை. ஆனால் அடைக்கப்பட்ட டொமைன், கெர்னலின் எந்தெந்தப் பகுதிகளைத் தொட முடியும் என்பதையும் விதி குறைத்துவிடுகிறது. அதனால் எட்டக்கூடிய ஓட்டைகளின் எண்ணிக்கையும் குறைகிறது.

பின்வந்த இரண்டு நிகழ்வுகள் இந்த வரலாற்றின் போக்கை உறுதிசெய்கின்றன. 2009இல் ஃபெடோரா 11இல் எஸ்விர்ட் என்ற ஏற்பாடு வந்தது. ஒரே கணினியில் ஓடும் பல மெய்நிகர் கணினிகளை ஒன்றிடமிருந்து ஒன்று பிரிக்க, ராணுவக் கொள்கைக்காக எஸ்இலினக்ஸில் வைத்திருந்த ரகசியப் பிரிவு எண்களை எடுத்துக்கொண்டார்கள். 1024 பிரிவுகளிலிருந்து இரண்டிரண்டாக எடுத்தால் 5,23,776 இணைகள். ஒவ்வொரு மெய்நிகர் கணினிக்கும் ஓர் இணை. அணு ஆயுதக் கோப்பைத் தூதரகக் கோப்பிலிருந்து பிரிக்க எண்ணிய பிரிவு முறை, ஒரு வாடிக்கையாளரின் செர்வரை இன்னொருவருடையதிலிருந்து பிரிக்கப் பயன்பட்டது. 2015இல் மெய்நிகர் ஃபிளாப்பி இயக்கியின் பழைய ஓட்டை வழியே மெய்நிகர் கணினியை உடைத்து வெளியே வரலாம் என்று தெரிந்தபோது, வந்தவர் சந்திக்கும் அடுத்த சுவர் இதுவே. 2019இல் கண்டெய்னர்களை இயக்கும் ரன்சி கருவியில் வெளிப்பட்ட ஓட்டையை, ரெட் ஹேட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 7இன் வழக்கமான கொள்கை அப்படியே தடுத்தது. அதற்கென்று யாரும் புதிய விதி எழுதவில்லை.

இரண்டாவது ஆண்ட்ராய்ட். ஸ்மாலியும் உடனிருந்தோரும் அதில் பொருத்திய எஸ்இலினக்ஸ், 2013இன் 4.3 வெளியீட்டில் எதையும் மறுக்காமல் பதிவுமட்டும் செய்யும் பார்வையாளராக வந்தது. அதே ஆண்டின் 4.4இல் நிறுவல், வலை, சேமிப்பு போன்ற நான்கு மையச் சேவைகளை மட்டும் அடைத்தது. 2014இன் 5.0இல்தான் எல்லாவற்றுக்கும் பரவியது. சில சேவைகளில் தொடங்கிப் படிப்படியாக விரிவது என்ற 2004இன் பாடத்தை அவர்கள் அப்படியே பின்பற்றினார்கள். அடுத்த ஆண்டு ஸ்டேஜ்ஃபிரைட் ஓட்டை அந்த வேலியின் எல்லையையும் காட்டியது. பாதிக்கப்பட்ட ஊடகச் சேவை அடைக்கப்பட்டுத்தான் இருந்தது. ஆனால் காணொளியைப் பிரிப்பதும் கேமராவை இயக்குவதும் ஒலியைப் பதிவதும் அந்த ஒரே சேவையின் வேலை என்பதால், அதன் டொமைனுக்கு அத்தனை அனுமதிகளும் தேவைப்பட்டன. எனவே 2016இன் ஆண்ட்ராய்ட் 7.0இல் அந்தச் சேவையைத் துண்டு துண்டாகப் பிரித்தார்கள். சந்தேகத்துக்குரிய கோப்பைப் பிரித்துப் பார்க்கும் துண்டுக்கு வலையமைப்பும் இல்லை, கேமராவும் இல்லை. விதி எழுதும்போது அட்டவணையின் ஒரு வரிசை மிக நீளமாகப் போனால், கோளாறு விதியில் இல்லை, நிரலின் வடிவமைப்பில்தான் என்பதை அந்த அட்டவணையே காட்டிக்கொடுத்தது. சேவை நிரலை அடைக்கும் இந்த முறையின் பயன்களில் அதிகம் பேசப்படாதது இது.

செர்வர்களைப் பராமரிக்கும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். 2008இல் வந்த 2.6.26 கெர்னலிலிருந்து, ஒரு டொமைனை மட்டும் தனியாகத் தளர்த்திப் பதிவுமட்டும் செய்யும் நிலையில் வைக்க முடியும். மற்றச் சேவைகள் எல்லாம் அடைப்பிலேயே இருக்கும். ஏதேனும் ஒரு சேவை மறுக்கப்பட்டு வேலை நின்றால், அந்த ஒன்றைத் தளர்த்தி, மறுப்புப் பதிவைப் படித்து, தவறு லேபிளிலா, ஆளியிலா, அல்லது அந்த நிரல் கேட்கக்கூடாததைக் கேட்கிறதா என்று பாருங்கள். எல்லாவற்றையும் சேர்த்து அணைக்கும் வழியை லினக்ஸ் கெர்னலே குறைத்துவருகிறது. ஓடிக்கொண்டிருக்கும்போதே எஸ்இலினக்ஸை முற்றாக நீக்கும் வசதி 2023இல் வந்த 6.4 வெளியீட்டில் எடுக்கப்பட்டுவிட்டது.